காரைக்குடியிலிருந்து கீழடிக்கு: மூன்று தலைமுறையோடு அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழடி அருங்காட்சியகத்தின் வாசலைத் தாண்டியதும் எங்கள் வீட்டு ஆறு வயதுப் பையன் கேட்ட முதல் கேள்வி, "இது யாரு வீடு அப்பத்தா?" என்பதுதான். அவன் கேட்டதில் தவறில்லை. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறைக்காகக் கட்டப்பட்டு, 2023 மார்ச் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த அந்த 31,000 சதுர அடிக் கட்டடம், செட்டிநாட்டு வீட்டின் சாயலிலேயே எழுப்பப்பட்டது. தூண் வரிசையும் ஓட்டுச் சரிவும் முற்றமும் கண்ணில் பட்டவுடன், காரைக்குடிப் பிள்ளைக்கு அது யாரோ ஒரு பெரியப்பா வீடாகத்தான் தோன்றும். கண்டனூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று நம் பக்கத்திலிருந்து புறப்படும் குடும்பங்களுக்கு இது ஒரு சலுகை. நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களைக் கொண்டே அங்குள்ள பொருள்களை வாசித்துவிட முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான், இரண்டு முறை சொதப்பி மூன்றாம் முறை உருப்படியாகப் பார்த்து வந்த அனுபவத்தில், படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நாள் குறிப்பது

வார விடுமுறை எந்த நாள் என்பதை, புறப்படுவதற்கு முந்தின நாளே தொலைபேசியிலோ துறையின் இணையதளத்திலோ உறுதிசெய்துகொள்ள வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற பழைய நினைவை வைத்து எல்லா ஊருக்கும் கணக்குப் போடக்கூடாது. எழும்பூர், புதுக்கோட்டை போன்றவை அருங்காட்சியகங்கள் துறையின் பொறுப்பில் உள்ளவை. கீழடியோ தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது. இந்த வேறுபாடு தெரியாமல் வேறோர் ஊரில் பூட்டிய கதவின் முன்னால் பதினொரு பேர் வேனைவிட்டு இறங்கி நின்ற வரலாறு எங்களுக்கு உண்டு. தப்பு முழுக்க எங்களுடையதுதான்.

மாதம் என்று பார்த்தால் மார்கழியும் தையும் நல்லவை. காட்சிக்கூடங்கள் தனித்தனிக் கட்டடங்களாக இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெளியே நடக்க வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் அந்த நடை பெரியவர்களுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பேருந்துகளும் சுற்றுலா வண்டிகளும் சேர்ந்துவிடும். வேலைநாளில் ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமானால், ஓட்டுச் சில்லின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றாலும் பின்னாலிருந்து யாரும் முழங்கையால் இடிக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: வீட்டிலேயே ஒரு கயிறு

இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்குப் புரியவைக்கக் கடினமானது ஒன்றே ஒன்று: ஆழம் என்பது காலம் என்பது. கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 2017-18-இல் நடத்திய நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு மாதிரிகளில் ஆறு, அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பட்டன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205 என்றும் கணிக்கப்பட்டன. 2019 செப்டம்பரில் வெளிவந்த துறையின் அறிக்கை, இதை வைத்தே சங்ககாலத்தின் தொடக்கத்தைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டுக்கு நகர்த்தியது. இதைக் காட்சிக்கூடத்துச் சுவரில் எழுத்தாகப் படித்தால் பெரியவர்களுக்கே மனத்தில் ஒட்டாது.

ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், தென்னங்கயிறு ஒன்றை எடுத்து 353 செ.மீ. அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து 200 செ.மீ. தொலைவில் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சுப் போடுங்கள். மாடியுள்ள வீடானால் பெரியவர் ஒருவர் மேலே நின்று, கயிற்றின் அடி முனை முற்றத்துத் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தொங்கவிட வேண்டும். மாடி இல்லையென்றால் ஏணியும் மரக்கிளையும் போதும். இப்போது கயிற்றின் உச்சிதான் இன்று கீழடியில் நாம் நடக்கும் தென்னந்தோப்புத் தரை. பிள்ளைகள் நிற்கும் இடம் கி.மு. 580. சிவப்பு முடிச்சு கி.மு. 205.

எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது, தரையிலிருந்து 153 செ.மீ. உயரத்தில் இருந்த அந்த முடிச்சு அப்பத்தாவின் நெற்றிக்கு நேராக வந்து நின்றது. 580-இலிருந்து 205-ஐக் கழித்தால் 375. "அப்பத்தா ஒசரம் முன்னூத்தி எழுபத்தஞ்சு வருசம்" என்று பேத்தி கணக்குச் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே அளவுகோல். நூறு ஆண்டுக்கு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக மண் ஏறியிருக்கிறது, ஓர் ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டர். மண் ஆண்டுதோறும் ஒரே சீராகப் படிவதில்லை, வெள்ளம் வந்த ஆண்டில் கூடவும் மற்ற ஆண்டில் குறையவும் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கொல்லையில் குழி வெட்டிப் பார்த்துவிட்டு நம்மைப் பொய்யர் என்று சொல்லிவிடும்.

மூன்றாம் படி: பெட்டகத்தைத் திறப்பது

கயிறு கட்டிய அன்றே, வீட்டில் சாமான் அறையைத் திறந்து நான்கைந்து பொருள்களை எடுத்துப் பட்டாலையில் (கூடத்தில்) பரப்பி வையுங்கள். எங்கள் வீட்டில் எடுத்தவை: பித்தளைத் தாயக்கட்டைகள் ஒரு சோடி, காலொடிந்த பல்லாங்குழி, நூல் நூற்கும் தக்களி ஒன்று, மங்குத் தட்டு ஒன்று, பெரிய ஐயா காலத்துத் தராசும் எடைக்கற்களும், கண்டாங்கிச் சேலை ஒன்று. ஒவ்வொன்றைப் பற்றியும் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எதனால் செய்தது, எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது. மங்குத் தட்டு கடல் தாண்டி வந்தது, தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, வைகைக் கரையில் குசராத்துச் சூதுபவள மணி (செந்நிறக் கல்மணி) ஏன் கிடந்தது என்பது வியப்பாக இருக்காது. நம்மைப்போல அவர்களும் வணிகம் செய்தவர்கள் என்று தானே சொல்லிவிடும்.

நான்காம் படி: ஆளுக்கு ஒரு பொருள்

எங்கள் முதல் பயணம் கெட்டதற்குக் காரணம் என்னுடைய ஆர்வம். இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்து, ஆளுக்கொரு படியெடுத்து, பென்சிலோடு கொடுத்திருந்தேன். பிள்ளைகள் மூன்று மணி நேரமும் விளக்கப் பலகையைப் பார்த்து விடை எழுதினார்களே தவிர, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொருளை ஒருவரும் பார்க்கவில்லை. திரும்பும் வழியில், "கறுப்பு சிவப்புப் பானை உள்பக்கம் என்ன நிறம்?" என்று கேட்டபோது வண்டிக்குள் சத்தமே இல்லை.

அடுத்த முறை தாளைத் தூக்கிப்போட்டுவிட்டு, சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒரு பொருளைக் கொடுத்தேன். ஒருவருக்கு எழுத்துள்ள ஓடு, ஒருவருக்கு ஆட்டக்காய், ஒருவருக்குத் தக்களி, ஒருவருக்கு உறைகிணறு, ஒருவருக்கு மணி. பெரியவர்களுக்கும் சீட்டு உண்டு; விதிவிலக்குக் கிடையாது. அவரவர் தம் பொருளைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் முன்னால் மற்ற எல்லாரையும் கூட்டி நிறுத்தி, இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். மற்றவற்றை நடக்கிற போக்கில் பார்த்தால் போதும். நான்காம் கட்டத்தில் மட்டும் கிடைத்த தொல்பொருள்கள் 5,820. அத்தனையையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பது, கலியாண வீட்டுப் பந்தியில் இலை முழுவதையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வது போன்றது.

ஐந்தாம் படி: புறப்பாடு

காரில் போகிறவர்கள் காரைக்குடியிலிருந்து கல்லல் வழியாகச் சிவகங்கை, அங்கிருந்து பூவந்தி வழியாக வைகையைக் கடந்து தென்கரைக்கு வரலாம். நின்று நின்று போனாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பேருந்தில் போகிறவர்கள் மதுரை மாட்டுத்தாவணிக்குப் போய், மதுரை – இராமேசுவரம் சாலையில் செல்லும் வண்டியில் ஏறிச் சிலைமானில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம்தான். காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் கூட்டம் சேருமுன் உள்ளே போய்விடலாம்.

மதியத்துக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், இடைநேரத்துக்குச் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் போதும். மாவுருண்டையைக் காட்சிக்கூடத்துக்குள் பிள்ளையின் கையில் விடாதீர்கள். அது உதிர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே வைத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல் மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: உள்ளே

நுழைந்தவுடன் மூன்று வேலை. பெரியவர்கள் கழிப்பறைக்குப் போய் வந்துவிட வேண்டும். சக்கர நாற்காலி வேண்டுமா, மாடிக்குப் படி ஏறாமல் போக வழி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அறிமுகப் படம் எப்போது திரையிடப்படும் என்று விசாரிக்க வேண்டும். வைகையின் பிறப்பிடமான வெள்ளிமலைப் பகுதியிலிருந்து கடலோர அழகன்குளம் வரை ஆற்றின் இருபுறமும் மத்தியத் தொல்லியல் துறை கள ஆய்வு செய்து 293 இடங்களைக் கண்டறிந்தது, அவற்றில் கீழடியைத் தேர்ந்து 2014-15-இல் தோண்டத் தொடங்கியது, மூன்று கட்டங்களுக்குப் பின் மாநிலத் துறை பொறுப்பேற்றது ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தால், படம் பார்க்கும்போது கதை பிடிபடும்.

பிறகு உங்கள் சீட்டுகளின்படி போகலாம். நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இடங்கள் ஐந்து.

முதலாவது எழுத்துள்ள பானையோடுகள். நான்காம் கட்டத்தில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. அவற்றில் ஆதன், குவிரன் ஆதன் போன்ற ஆள்பெயர்கள் வருகின்றன. கண்ணாடிக்கு அருகே குனிந்து கீறலைப் பாருங்கள். பானை சுட்ட பிறகு கூரிய முனையால் கீறியவை அவை. ஒன்றில் எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, ஒன்றில் சாய்கிறது. எழுதிக் கொடுக்கும் ஒரே ஆள் எல்லாப் பானைக்கும் எழுதியிருந்தால் கையெழுத்து ஒன்றுபோல இருந்திருக்கும். இங்கே பல கைகள். பானைக்காரர்களே தங்கள் பெயரைக் கீறிக்கொண்டார்கள் என்று அறிஞர்கள் கருதுவதற்கு அதுவே காரணம். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் அப்பச்சி பெயரும் ஊர்ப்பெயரும் வெட்டியிருப்பதைப் பிள்ளைகள் உடனே நினைவுபடுத்தினார்கள். கலியாணச் சாமானில் பெயர் வெட்டாத பாத்திரம் நம் ஊரில் ஏது?

பிள்ளைகளுக்கு அங்கேயே இரண்டு செய்தி சொல்லலாம். தமிழியில் 'க' என்பது வெறும் கூட்டல் குறி. கருப்பையாவும் கண்ணாத்தாளும் தம் பெயரின் முதல் எழுத்தை அந்த நிமிடமே எழுதக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது, வடக்கே பிராகிருதத்தை எழுதுவதற்குத் தேவைப்படாத ழ, ள, ற, ன என்ற ஒலிகளுக்குத் தமிழில் தனி எழுத்துகள் வகுத்துக்கொள்ளப்பட்டன. ஆதன் என்ற பெயரின் கடைசி எழுத்து அந்த நான்கில் ஒன்று. அதே ஓடுகளிடையே எழுத்தாக இல்லாமல் மீன், ஏணி போன்ற வடிவக் குறியீடுகளும் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கறுப்பு சிவப்புக் கலங்கள். உள்ளும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு சாயம் பூசியதாகத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். உண்மையில் ஒரே களிமண், ஒரே சூளை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறம் புகையேறிக் கறுக்கிறது. காற்றுப் படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. வேளாரின் சூளையை நேரில் பார்க்க வேண்டுமென்றால், கடம் செய்வதற்குப் பெயர்போன மானாமதுரை திரும்பும் வழியில் சிறிது சுற்றினால் வரும். நேரமும் பிள்ளைகளின் பொறுமையும் மிச்சம் இருந்தால் போகலாம்.

மூன்றாவது, ஆட்டக்காய்களும் சில்லுகளும். இங்கேதான் எங்கள் பயணம் உண்மையில் தொடங்கியது என்பேன். உடைந்த பானையோட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதுவரை நாற்காலி எங்கே என்று தேடிக்கொண்டிருந்த அப்பத்தா, கண்ணாடிக்கு அருகே போய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிறிது நேரம் பார்த்தார்.

"பாண்டிச் சில்லுடா இது. ஓட்டை ஒடச்சு ஊருணிப் படியில தேச்சா இப்படித்தான் வரும். ஓரம் சரியா வரலன்னா கட்டத்துல நிக்காது, வழுக்கிட்டு ஓடிரும். இந்தா, இது பாரு, சரியாத் தேக்கல. சின்னப் புள்ள தேச்சது."

அவர் விரல் காட்டிய சில்லின் ஒரு பக்கம் மழுங்காமல் முனைத்து நின்றது. இருபது நிமிடமாக நான் சொன்ன எதையும் கேட்காத பிள்ளைகள் அந்த ஒரு சில்லின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே சொல்கிறேன்: படித்தவர்கள் விளக்கப் பலகையை வாசிக்கும் உற்சாகத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, வீட்டின் மூத்த பெண்களை முன்னால் விட வேண்டும். தக்களியும் எலும்பு முனைகளும் உள்ள நெசவுப் பகுதிக்கும் இதுவே பொருந்தும். தக்களியின் குண்டு எதற்காகக் கனமாக இருக்க வேண்டும் என்பதை நூல் நூற்றவர் சொல்வதுபோல எந்தப் பலகையும் சொல்லாது. 2022-இல் எட்டாம் கட்டத்தில் கிடைத்த தந்தத்தால் ஆன நீள்சதுரப் பகடையையும் இங்கே நினைவுபடுத்துங்கள்; பட்டாலையில் பரப்பி வைத்த தாயக்கட்டையும் அதே நீள வடிவந்தான்.

நான்காவது, நீர். சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறும், நீர் போக்கும் சுடுமண் குழாய்களும் கீழடியில் வெளிப்பட்டன. இவற்றை விளக்க நமக்குச் சொல்லே தேவையில்லை. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் வளவு முற்றத்தில் விழும் மழைநீர் அண்டாக்களில் பிடிபட்டதுபோக, மிச்சம் கல்வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும் ஊருணிக்கும் போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆற்றங்கரை ஊரில் எதற்குக் கிணறு என்று பேரன் கேட்டான். வைகையில் ஆண்டு முழுவதும் எங்கே தண்ணீர் ஓடுகிறது என்று அவனுடைய ஐயா திருப்பிக் கேட்டார். வரும் வழியில் பாலத்தைக் கடக்கும்போது மணலைப் பார்த்திருந்ததால் அவனுக்கு விளங்கிவிட்டது.

ஐந்தாவது வணிகம். சூதுபவள மணிகள், வெளிநாட்டுத் தொடர்பைக் காட்டும் ரோமானியப் பாணி மட்கல ஓடுகள், வெள்ளி முத்திரைக் காசு என்று பலவும் வைகைக்கரை ஊரைக் கடலோடு சேர்க்கின்றன. எனக்குப் பிடித்த செய்தி ஒன்று: 2023-இல் ஒன்பதாம் கட்டத்தில் பளிங்கு போன்ற படிகத்தாலான எடைக்கல் ஒன்று கிடைத்தது. எடை 8 கிராம். "ஒரு பவுனா?" என்று எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பவுன் என்பது வெள்ளைக்காரன் காலத்து நாணயத்திலிருந்து வந்த அளவு, இரண்டும் ஒத்துப்போவது தற்செயல் என்று நான் விளக்கினேன். ஒருவரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

விலங்கெலும்புகளையும் இரும்புக் கருவிகளையும் விரைவாகப் பார்த்து வரலாம். ஒரு குறிப்பு மட்டும்: எலும்பு மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தபோது மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் இருந்தது தெரியவந்தது. இன்று தென்னந்தோப்பாகக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அன்று காடு இருந்திருக்கிறது.

ஏழாம் படி: கடினமான இரண்டு கேள்விகளுக்கு ஆயத்தம்

கொந்தகையைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது முதலாவது. கீழடி மக்கள் வாழ்ந்த இடமென்றால், பக்கத்திலுள்ள கொந்தகை அவர்கள் இறந்தோரை முதுமக்கள் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம். மறைக்க வேண்டிய செய்தி இல்லை. ஆனால் தாழியின் முன்னால் திடீரென்று சொல்லிப் பயமுறுத்தாமல் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். தாழிக்குள் சின்னச் சின்னக் கலங்களும் வைக்கப்பட்டன என்றதும், படையல்போல என்று பிள்ளைகள் தாமே ஒப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே கிடைத்த இரண்டு மண்டையோடுகளை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வழியே இரண்டு ஆண்களின் முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். அந்தப் படங்களைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்து தாழியைப் பார்த்த பிறகு காட்டினால், பயம் போய்விடும். எங்கள் பையன், "நம்ம பால்காரர் மாதிரி இருக்காரு" என்றான்.

இரண்டாவது, பெரியவர்கள் கேட்பது: "சாமி எங்கே?" நான்காம் கட்ட அறிக்கை, சுடுமண் உருவங்கள் கிடைத்தபோதிலும் வழிபாட்டுக்குரியவை என்று திட்டமாகச் சொல்லத்தக்க சான்று கிடைக்கவில்லை என்று கூறியது. இதைத் தொட்டவுடன் குடும்பத்தில் கட்சி பிரிந்துவிடும். காலக்கணிப்பைப் பற்றியும் அறிஞர்களிடையே வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இவை பேச வேண்டியவையே. ஆனால் காட்சிப் பேழையின் முன்னால் சித்தப்பாவும் மாமாவும் குரலை உயர்த்தினால் பிள்ளைகள் பொருளை விட்டுவிட்டு அவர்கள் வாயையே பார்ப்பார்கள். தேநீருக்கு நிறுத்தும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியிலேயே ஒப்பந்தம் போட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: தோப்பு

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, அகழாய்வு நடந்த தோப்புப் பகுதியைப் பார்க்க அன்றைக்கு அனுமதி உண்டா என்று அருங்காட்சியக ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டு போகலாம். பள்ளிச்சந்தைத் திடல் என்ற பெயரில் ஊரார் வழங்கிவந்த மேடு அது. குழியின் சுவரில் மண் பட்டை பட்டையாக நிறம் மாறுவதைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், வீட்டில் தொங்கவிட்ட கயிற்றின் பொருள் அங்கே முழுதாக விளங்கும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டு எதையும் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எடுத்த இடமும் ஆழமும் தெரியாத ஓடு எந்தக் காலத்தையும் சொல்லாது, வெறும் ஓடுதான். எங்கள் பேத்தி எடுத்த ஒன்றைத் திரும்ப அதே இடத்தில் வைக்கச் சொன்னபோது, எந்த இடம் என்று அவளுக்கு நினைவில்லை. அழுதாள். அந்த அழுகை, என் இருபத்திரண்டு கேள்விகளையும்விட அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஒன்பதாம் படி: வீடு திரும்பிய பின்

மறுநாளே பிள்ளைகளுக்கு ஒரு பழைய மரத்தட்டையும் அஞ்சலட்டை அளவில் வெட்டிய தாள்களையும் கொடுங்கள். பட்டாலையில் பரப்பிய பொருள்களை அதில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அருங்காட்சியகத்தில் பார்த்ததுபோல அட்டை எழுதச் சொல்லுங்கள். கண்டெடுத்த இடம், பொருள், காலம், கொடுத்தவர் என்ற நான்கு வரி போதும். பெயர்களை மட்டும் அப்பத்தாவிடமும் ஐயாவிடமும் கேட்டு எழுத வேண்டும், கைப்பேசியில் தேடக்கூடாது. இது ஒரு மாதம் நடந்தால், அடுத்து புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910-இல் சமஸ்தான ஆட்சியில் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு அவர்களே நாள் குறிப்பார்கள்.

எங்கள் வீட்டுத் தட்டில் இப்போது பதினான்கு பொருள்கள் இருக்கின்றன. பதினான்காவது, தென்னங்கன்றுக்குக் குழி வெட்டும்போது வந்த ஒரு ஜாடித் துண்டு. அதன் அட்டையில் பேத்தி எழுதியிருப்பது: "இடம்: பின்கட்டு, கிணற்றடி. ஆழம்: ஒரு முழம். பொருள்: ஊறுகாய் ஜாடி. காலம்: அப்பத்தா கல்யாணத்துக்கு அப்புறம். உடைத்தவர்: அப்பச்சி (ஒத்துக்கொள்ளவில்லை)."